எட்டு லட்சமும் ஒரு காரும்: முன்ஜாமீன் மனுவில் பிறந்த அர்னேஷ் குமார் தீர்ப்பு

2014 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சந்திரமௌலி குமார் பிரசாத், பினாகி சந்திர கோஷ் அமர்வு ஒரு முன்ஜாமீன் மனுவில் தீர்ப்புச் சொன்னது. பீகார் மாநில வழக்கு. மனு போட்டவர் அர்னேஷ் குமார் என்ற கணவர். 2007 ஜூலை 1-இல் கல்யாணம் நடந்தது என்பதால், தீர்ப்பு வந்த அன்று மணமாகி ஏழு வருடமும் ஒரு நாளும் ஆகியிருந்தது.

கணவர் வீட்டுக் கொடுமைக்கான 498ஏ பிரிவில் மனைவி கொடுத்த புகார் இது. மாமனாரும் மாமியாரும் எட்டு லட்சம் ரூபாய், ஒரு மாருதி கார், ஏ.சி., டி.வி. என்று கேட்டார்கள். கணவரிடம் போய்ச் சொன்னால் அவர் தாய் பக்கம் நின்றுகொண்டு, வேறொருத்தியைக் கட்டிக்கொள்வேன் என்று மிரட்டினார். கேட்டது வரவில்லை என்றதும் வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள். கணவர் அத்தனையையும் மறுத்தார். செஷன்ஸ் நீதிமன்றத்தில் முன்ஜாமீன் கேட்டார், கிடைக்கவில்லை. பாட்னா உயர் நீதிமன்றத்திலும் கிடைக்கவில்லை. டெல்லிக்குப் போனார். 2013 அக்டோபர் 31-இல் உச்ச நீதிமன்றம் சில நிபந்தனைகளோடு தற்காலிக ஜாமீன் கொடுத்தது. எட்டு மாதம் கழித்து அதை உறுதி செய்தது.

வழக்கின் கதை இவ்வளவுதான். தீர்ப்பிலும் இதற்கு அதிக இடம் இல்லை. மீதிப் பக்கங்கள் முழுக்கக் கைதைப் பற்றியவை. போலீஸ் ஏன் கைது செய்கிறது, மாஜிஸ்திரேட் ஏன் ரிமாண்ட் பண்ணுகிறார் என்ற கேள்விகள். இந்தத் தீர்ப்பு இன்று நம் ஊர் நீதிமன்றங்களில் தினமும் யாராவது ஒருவர் வாயில் அடிபடுகிறது. ஆனால் அடிபடுகிற விதம் சரியில்லை. ‘498ஏ-ல இனி அரெஸ்ட் கிடையாது, அர்னேஷ் குமார் இருக்கு’ என்று கணவர் வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். ‘அந்த ஒரு தீர்ப்பாலதான் எங்க பொண்ணுக்கு நியாயம் போச்சு’ என்று பெண் வீட்டார் அழுகிறார்கள். அந்தத் தீர்ப்பு இரண்டையும் சொல்லவில்லை.

இரண்டு பிரிவுகள் மோதிக்கொண்ட இடம்

இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு 1983-இல் சேர்க்கப்பட்டது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. அது இருந்தும் புதுப்பெண்கள் அடுப்படியில் எரிந்துகொண்டிருந்த காலம். கணவனோ அவன் உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்தினால் மூன்று வருடம் வரை சிறை, அபராதம். தற்கொலைக்கோ கடும் உடல், மன பாதிப்புக்கோ தள்ளும் நடத்தை ஒரு வகைக் கொடுமை. பணமோ பொருளோ கேட்டுத் துன்புறுத்துவது இன்னொரு வகை. வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று வைத்தார்கள். தெரிந்தேதான் கடுமையாக வைத்தார்கள். 2024 ஜூலை 1 முதல் இது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 86 பிரிவுகளாக இருக்கிறது. எண் மாறியிருக்கிறது, சரக்கு மாறவில்லை.

முன்ஜாமீனின் கதை வேறு. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. சட்ட ஆணையத்தின் 41-ஆவது அறிக்கை பரிந்துரைத்து, 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 438-ஆவது பிரிவாக வந்தது, இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் (பி.என்.எஸ்.எஸ்.) 482. செல்வாக்குள்ளவர்கள் தங்களுக்கு வேண்டாதவர்களைச் சில நாள் ஜெயிலில் தள்ளி அவமானப்படுத்தப் பொய் வழக்குப் போடுகிறார்கள் என்பது ஆணையம் சொன்ன காரணங்களில் ஒன்று. 1980-இல் பஞ்சாப் முன்னாள் அமைச்சர் குர்பக்ஷ் சிங் சிப்பியாவின் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதன் எல்லையை வகுத்தது. மனதில் ஒரு பயம் இருந்தால் போதாது, கைது வரும் என்று நம்புவதற்கு உருப்படியான காரணம் வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்த வழக்கு வந்தாலும் தொடாதே என்று மொத்தமாக உத்தரவு தர முடியாது. 2020 ஜனவரியில் இன்னொரு ஐந்து நீதிபதிகள் அமர்வு, முன்ஜாமீனுக்குப் பொதுவாகக் காலக்கெடு கிடையாது, விசாரணை முடியும்வரை கூட நீடிக்கலாம் என்றது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், முன்ஜாமீன் பிரிவையே நீக்கிவிட்டார்கள். திரும்ப வந்தது 2019-இல். 498ஏ வந்த பிறகும் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல், மக்கள்தொகையில் நாட்டின் மிகப் பெரிய மாநிலத்தில் 498ஏ வழக்கில் சிக்கிய மாமியாரோ நாத்தனாரோ செஷன்ஸ் கோர்ட்டில் முன்ஜாமீன் கேட்க வழியே இல்லை. கைதுக்குத் தடை கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டியிருந்தது. வழி எந்த ஊரில் இருக்கிறது, யாருக்குக் கட்டுப்படியாகிறது என்பதைப் பொறுத்தது இந்தப் பாதுகாப்பு. அர்னேஷ் குமாரால் டெல்லி வரை போக முடிந்தது. எத்தனை பேரால் முடியும்?

கைது ஏன்?

தீர்ப்பு கையில் எடுத்த எண்கள் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2012-ஆம் ஆண்டு அறிக்கையிலிருந்து வந்தவை. அந்த ஒரு வருடத்தில் 498ஏ-இல் கைதானவர்கள் 1,97,762 பேர். அதில் பெண்கள் 47,951, கிட்டத்தட்ட நான்கில் ஒருவர். மாமியாரும் நாத்தனாரும் ஓரகத்தியுமாக வலை எவ்வளவு அகலமாக வீசப்பட்டது என்பதற்கு இது அடையாளம் என்றது நீதிமன்றம். குற்றப்பத்திரிகை போடப்படுவது 93.6 விழுக்காடு வழக்குகளில். தண்டனையில் முடிவது 15 விழுக்காடு மட்டுமே. படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாத்தா பாட்டிகளையும், பல வருடமாக வெளிநாட்டில் இருக்கும் கணவரின் அக்கா தங்கைகளையும் கூடக் கைது செய்கிறார்கள் என்று வேதனையோடு பதிவு செய்தது.

அடுத்து வருவதுதான் தீர்ப்பின் உயிர்ப் பகுதி. புதுச் சட்டம் எதையும் நீதிபதிகள் உருவாக்கவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தாலேயே மாறி, 2010 நவம்பர் முதல் நடைமுறையில் இருந்தது. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றத்தில், குற்றம் செய்திருப்பார் என்று தோன்றினால் மட்டும் கைது செய்ய முடியாது. ஒருவர் மீண்டும் குற்றம் செய்யாமல் தடுக்க, விசாரணை ஒழுங்காக நடக்க, சாட்சியத்தை அழிக்காமலிருக்க, சாட்சிகளை மிரட்டாமலிருக்க, நீதிமன்றத்துக்கு வராமல் ஓடிவிடாமலிருக்க: இந்த ஐந்தில் ஒன்றுக்காவது கைது தேவை என்று அதிகாரி திருப்தியடைந்து, காரணத்தை எழுதி வைக்க வேண்டும். தேவையில்லை என்றால் 41ஏ நோட்டீஸ் கொடுத்து வரச்சொல்ல வேண்டும். வந்து ஒத்துழைப்பவரைக் காரணம் எழுதாமல் கைது செய்யக்கூடாது. இவை இன்று பி.என்.எஸ்.எஸ். 35-ஆவது பிரிவில் இருக்கின்றன.

சட்டம் புத்தகத்தில் இருந்தது. ஸ்டேஷனில் பழைய வழக்கம் இருந்தது. கைது செய்வதற்கு முன் அதிகாரி தன்னையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது தீர்ப்பு: ஏன் கைது? உண்மையிலேயே தேவையா? இதனால் என்ன ஆகப்போகிறது? 41-ஆவது பிரிவில் உள்ள காரணங்களையெல்லாம் அப்படியே கேஸ் டைரியில் இயந்திரம்போல எழுதித் தள்ளும் பழக்கத்தையும் அது குறிப்பிட்டுக் கண்டித்தது. அந்தப் பழக்கத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு வந்து சில வருடம் கழித்து, ஒரு ரிமாண்ட் கட்டில் இருந்த சரிபார்ப்புப் பட்டியல் அது. ஐந்து காரணங்களும் ஜெராக்ஸ் எடுத்த தாளில் அச்சாக இருந்தன. ஐந்துக்கும் நேராக ஒரே பேனாவில் ஐந்து டிக். அறுபத்தெட்டு வயது மாமியார் ‘சாட்சியத்தை அழிக்கக்கூடும்’, ‘தலைமறைவாகக்கூடும்’, ‘மீண்டும் குற்றம் செய்யக்கூடும்’. அந்த அம்மா வெளியே பெஞ்சில் கால் வீங்கி உட்கார்ந்திருந்தார்.

எட்டு உத்தரவுகள் கொடுத்தது நீதிமன்றம். 498ஏ வழக்குப் பதிவானதுமே தானாகக் கைது செய்யாதபடி மாநில அரசுகள் போலீசாருக்கு அறிவுறுத்த வேண்டும். சரிபார்ப்புப் பட்டியலைக் காரணங்களோடும் ஆதாரங்களோடும் நிரப்பி மாஜிஸ்திரேட்டிடம் கொடுக்க வேண்டும். கைது செய்யவில்லை என்ற முடிவை வழக்குப் பதிவான இரண்டு வாரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், ஆஜராகச் சொல்லும் நோட்டீசையும் அதே இரண்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், நீட்டிக்க எஸ்.பி. எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். மீறும் அதிகாரி மீது துறை நடவடிக்கையோடு நீதிமன்ற அவமதிப்பும் பாயும். எனக்கு இவற்றில் முக்கியமாகப் படுவது கடைசியில் இருப்பது: காரணத்தைப் பதிவு செய்யாமல் காவலுக்கு அனுப்பும் மாஜிஸ்திரேட் மீதும் உயர் நீதிமன்றம் துறை நடவடிக்கை எடுக்கும். போலீஸை மட்டும் குறை சொல்லிவிட்டு நழுவாமல், தன் சொந்த வீட்டுக்குள்ளும் கை வைத்தது நீதிமன்றம். இவை 498ஏ-க்கு மட்டுமல்ல, ஏழு வருடம் வரை தண்டனை உள்ள எல்லாக் குற்றங்களுக்கும் பொருந்தும் என்றும் சொன்னது. கைதுக்குத் தடை என்று எந்த வரியிலும் இல்லை. காரணம் இருந்தால் செய், எழுது, காட்டு. அவ்வளவுதான்.

15 விழுக்காடு சொல்வதும் சொல்லாததும்

தீர்ப்பை மதிக்கிறவன் நான். ஆனாலும் ஒரு இடத்தில் உடன்பட முடியவில்லை. விசாரணையில் நிலுவையில் இருந்த 3,72,706 வழக்குகளில் சுமார் 3,17,000 விடுதலையில் முடியும் என்று தீர்ப்பு மதிப்பிடுகிறது. இது நிலுவை எண்ணை 85 விழுக்காட்டால் பெருக்கிய கணக்கு. விடுதலையான வழக்கெல்லாம் பொய் வழக்கு என்று தீர்ப்பு நேராகச் சொல்லவில்லை. ஆனால் அதிருப்தியுற்ற மனைவிகள் இந்தப் பிரிவைக் கேடயமாக இல்லாமல் ஆயுதமாக எடுக்கிறார்கள் என்ற வரிக்குப் பக்கத்தில் இந்த எண்களை வைத்ததால், படிக்கிறவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

498ஏ சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமல்ல. பழைய சட்டத்தில் ஆந்திரா போன்ற விதிவிலக்கு இருந்தது. ஊரில் பெரியவர்கள் பேசி, நகை கொஞ்சம் திரும்பி, பரஸ்பர விவாகரத்தில் கையெழுத்தாகி முடிந்த ஒரு விவகாரம் கோர்ட்டில் எப்படி முடியும்? ஒன்று, உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட வேண்டும். 2003-இலேயே உச்ச நீதிமன்றம் அதற்கு வழி திறந்தது. வக்கீல் செலவு தாங்காதவர்கள் இன்னொரு வழியில் போகிறார்கள்: பெண் கூண்டில் ஏறி, ‘எனக்குத் தெரியாது, போலீஸ் எழுதின பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன்’ என்கிறாள். பிறழ் சாட்சி. விடுதலை. அந்த விடுதலை 85 விழுக்காட்டில் போய்ச் சேர்கிறது. உள்ளே நடந்தது பொய்யா மெய்யா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. சமையலறைக்குள் நடந்ததற்குச் சாட்சி யார் வருவார்கள் என்ற பழைய கேள்வியும் அப்படியே இருக்கிறது. அதே 2012-இல், அதே காப்பகத்தின் கணக்கில், வரதட்சணைச் சாவுகள் 8,233. தீர்ப்பில் இந்த எண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆக, கணவர் வீட்டுக் கூட்டத்தையே கொத்தோடு இழுத்துப் போவதும் உண்மை, எரித்துக் கொல்வதும் உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றை மறுப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

தீர்ப்புக்குப் பிறகு நடந்த இழுபறி

2017 ஜூலையில் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு இன்னும் ஒரு படி போனது. மாவட்டம்தோறும் குடும்ப நலக் குழு. புகார் முதலில் அங்கே போக வேண்டும். குழுவின் அறிக்கை வரும்வரை சாதாரணமாகக் கைது கூடாது. 2018 செப்டம்பர் 14-இல் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான மூவர் அமர்வு அந்தக் குழுவைத் தூக்கியெறிந்தது. சட்டத்தில் இல்லாத ஒரு அமைப்பிடம் போலீஸ், நீதிமன்ற வேலையை ஒப்படைக்க முடியாது என்றது. அர்னேஷ் குமார் தீர்ப்பை மட்டும் கையோடு வைத்துக்கொண்டது. சரியான முடிவு. 2025 ஜூலையில், அலகாபாத் உயர் நீதிமன்றம் 2022-இல் வகுத்த இரண்டு மாதக் காத்திருப்பையும் குடும்ப நலக் குழுவையும் உச்ச நீதிமன்றம் நடைமுறையில் இருக்கட்டும் என்று விட்டபோது, 2018-இல் மூடிய கதவு மறுபடி கொஞ்சம் திறந்தது. அடிபட்ட பெண்ணை இரண்டு மாதம் காத்திருக்கச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இதற்கு நடுவே, கீழே இருக்கும் நீதிமன்றங்களுக்கு அர்னேஷ் குமார் போய்ச் சேரவில்லை என்பதைக் காட்டிய வழக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்தது. 2020 நவம்பரில் கல்யாணம். 2022 ஏப்ரலில் 498ஏ எஃப்.ஐ.ஆர். கணவருக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்புக் கொடுத்தது. விசாரணைக்குப் போனார், ஒத்துழைத்தார். கைது இல்லாமலேயே குற்றப்பத்திரிகையும் தாக்கலானது. அதற்கப்புறம் அதே உயர் நீதிமன்றம் முன்ஜாமீனை மறுத்து, சரணடைந்து ஜாமீன் கேள் என்றது! புலன்விசாரணையே முடிந்தபின் ஒருவரை உள்ளே தள்ளி என்ன விசாரிக்கப் போகிறார்கள்? 2023 ஜூலை 31-இல் உச்ச நீதிமன்றம் முன்ஜாமீன் கொடுத்ததோடு, அர்னேஷ் குமார் உத்தரவுகளை எல்லா உயர் நீதிமன்றங்களும் தங்கள் கீழமை நீதிமன்றங்களுக்கு அறிவிப்பாக வெளியிட வேண்டும் என்றது. முதல் தீர்ப்பு வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

தூரமும் ஒரு சிக்கல். பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண் அங்கிருந்தே புகார் கொடுக்கலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயம்தான். அடுத்த கேள்வி, வேறு மாநிலத்தில் இருக்கும் கணவர் எங்கே முன்ஜாமீன் கேட்பது? மனைவி ராஜஸ்தானின் சிராவாவில் புகார் கொடுக்க, கணவர் வீட்டார் பெங்களூர் செஷன்ஸ் கோர்ட்டில் முன்ஜாமீன் வாங்கிவிட்டார்கள். 2023 நவம்பர் 20 தீர்ப்பு அந்த உத்தரவுகளை ரத்து செய்தது. உரிய நீதிமன்றத்துக்குப் போய்ச் சேரும்வரை, குறுகிய காலத்துக்கு மட்டும், இருக்கும் ஊரின் நீதிமன்றம் பாதுகாப்புத் தரலாம். அதற்கும் வழக்குப் பதிவான ஊரின் விசாரணை அதிகாரிக்கும் அரசு வழக்கறிஞருக்கும் நோட்டீஸ் போக வேண்டும் என்றது.

நிபந்தனை என்ற பெயரில்

முன்ஜாமீன் கொடுக்கும்போது போடும் நிபந்தனைகளில்தான் குடும்ப வழக்கு தடம் புரளுகிறது. டெல்லி வழக்கு ஒன்றில், மனைவிக்கும் குழந்தைக்கும் மாதம் 12,500 ரூபாய் ஜீவனாம்சம் கொடுத்தால்தான் முன்ஜாமீன் என்று உயர் நீதிமன்றம் நிபந்தனை போட்டது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது: தப்பி ஓடாமல், விசாரணைக்கு வரச் செய்வதற்குத்தான் நிபந்தனை, ஜீவனாம்சத்தைத் தீர்மானிக்க வேறு நீதிமன்றம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் மறுபடி ஒரு பாட்னா வழக்கு. மனைவியைக் கூட்டிப்போய்ச் சேர்ந்து வாழ வேண்டும், அவளுடைய உடல் தேவை, பணத் தேவை எல்லாவற்றையும் நிறைவேற்ற வேண்டும் என்று எழுதித் தரச்சொல்லி உயர் நீதிமன்றம் நிபந்தனை வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த நிபந்தனையைப் படித்தபோது எனக்குக் கணவனைவிட அந்தப் பெண்ணின் நினைப்புதான் வந்தது. ஜெயிலுக்குப் பயந்து கூட்டிப்போகும் வீட்டில் அவள் எப்படி இருப்பாள்?

மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கவும் வேண்டும். வரதட்சணைச் சாவு வழக்கில் ஆயுள் வரை தண்டனை உண்டு. அர்னேஷ் குமார் அங்கே பேசவே இல்லை. ரத்தக் காயத்துக்கு மருத்துவச் சான்று இருக்கும் வழக்கும், ‘எல்லாரும் சேர்ந்து கொடுமைப்படுத்தினார்கள்’ என்று ஒரே வரியில் ஏழு பேரைச் சேர்த்த வழக்கும் ஒன்றாகாது. பொத்தாம் பொதுவான குற்றச்சாட்டில் உறவினரை இழுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-லும் 2024-லும் சொல்லிவிட்டது. தலைமறைவானவருக்கு முன்ஜாமீன் சலுகை கிடையாது என்பதும் 2012-லேயே சொன்னதுதான்.

வயதான மாமனார் மாமியாருக்குப் புதுச் சட்டத்தில் ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது: அறுபது தாண்டியவரை டி.எஸ்.பி. அனுமதியில்லாமல் கைது செய்யக்கூடாது. ஆனால் அது மூன்று வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு. கொடுமைப் பிரிவில் மூன்று வருடம் வரை என்றிருப்பதால் மயிரிழையில் வெளியே நிற்கிறது. வரதட்சணை கேட்ட குற்றத்துக்கு மட்டும் இரண்டு வருடம் என்பதால் உள்ளே வருகிறது.

நோட்டீஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க’ என்று போனில் கூப்பிடுவது 35-ஆவது பிரிவு நோட்டீஸ் ஆகாது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் ஆகாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் திட்டவட்டமாகச் சொன்னது. கையில் எழுத்து நோட்டீஸ் கிடைத்தால் கிழித்துப் போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போகாதீர்கள். போய் ஆஜராகுங்கள், ஆஜரானதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். கைதிலிருந்து காப்பது அந்தத் தாள்தான்.

நாற்பது பக்க நோட்டு

சில வருடங்களுக்கு முன் ஒரு மாவட்ட நீதிமன்ற வராந்தாவில், பெண்ணின் அப்பா ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மருமகனின் முன்ஜாமீன் மனு அன்று விசாரணைக்கு வந்தது. எதிர்த்துப் பேச நாங்கள் இடையீட்டு மனுப் போட்டிருந்தோம். அவர் மடியில் நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு ஒன்று. ஆரம், நெக்லஸ், ஆறு வளையல், மாட்டல், கொலுசு என்று பவுன் கணக்கோடு வரிசையாக எழுதியிருந்தார். கட்டில், பீரோ, கிரைண்டர், பித்தளை அண்டா வரைக்கும் இருந்தது. நகைக்கடை ரசீதுகளை ஒவ்வொரு பக்கத்திலும் குண்டூசி போட்டுக் குத்தியிருந்தார்.

“வக்கீல் சார், இதை எப்ப ஜட்ஜையா கிட்ட காட்டலாம்?”

“இன்னைக்கு அதைக் கேக்க மாட்டாங்கய்யா. இன்னைக்கு அவரை அரெஸ்ட் பண்ணணுமா வேண்டாமாங்கிறது மட்டும்தான்.”

“அரெஸ்ட் பண்ணா நகை வந்துருமா?”

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பல வருடமாக எங்கள் தொழிலே இந்த நம்பிக்கையின் மேல் ஓடியது. ‘உள்ள தூக்கிப் போட்டா தானா கொடுப்பாங்க.’ கைது என்பது புலன்விசாரணைக் கருவியாக இல்லாமல் பேரத்தில் வைக்கும் எடைக்கல்லாகிவிட்டது. அர்னேஷ் குமார் அந்த எடைக்கல்லை எடுத்துவிட்டது. எடுத்தது சரி. ஆனால் அதை நம்பியே வந்த பெண்ணின் கையில் வேறு எதையும் வைக்கவில்லை. வைப்பது அந்த மனுவின் வேலையும் அல்ல. அவளுக்கு வேண்டியது வேறு சட்டங்களில் கிடந்தது, அதை எடுத்துக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள்.

2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 12-ஆவது பிரிவு மனு. சாதாரணமாக மூன்று நாளுக்குள் முதல் வாய்தா, அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடப்பில் அவ்வளவு வேகம் இல்லை, ஆனால் 23-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். பக்கத்தில் வராதே என்று 18-ஆவது பிரிவு. வீட்டைவிட்டுத் துரத்தாதே என்று 19. அது மாமனார் பெயரில் இருக்கும் வீடானாலும் பகிர்ந்து வாழ்ந்த வீடுதான் என்று 2020 அக்டோபரில் மூவர் அமர்வு சொல்லிவிட்டது. செலவுக்கு 20. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை உண்டு. 19-ஆவது பிரிவின் எட்டாவது உட்பிரிவு ஸ்ரீதனத்தைத் திருப்பிக் கொடு என்று மாஜிஸ்திரேட் நேரடியாக உத்தரவிட அதிகாரம் தருகிறது. பெண்ணுக்குப் போட்ட நகை அவள் சொத்து, கணவர் வீட்டில் வைத்திருந்தால் அது ஒப்படைப்பு மட்டுமே என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே 1985-இல் வந்த இன்னொரு விதி யாருக்கும் நினைவில் இல்லை: கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுத்த பரிசுகளைப் பட்டியல் எழுதி, மணமக்கள் இருவரும் கையெழுத்திட்டு வைக்க வேண்டும். மண்டபத்தில் மொய் நோட்டு எழுதுகிறோம், வந்தவர் பெயரை இனிஷியலோடு எழுதுகிறோம். இந்தப் பட்டியலை எழுதுகிற கல்யாணத்தை நான் பார்த்ததில்லை.

அன்று முன்ஜாமீன் கிடைத்தது. தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று நிபந்தனை. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அந்த அப்பா நோட்டை மூடித் துண்டுக்குள் சுற்றினார். சுற்ற விடாமல் வாங்கிக்கொண்டேன். அன்று மாலையே ஆபீசில் உட்கார்ந்து, குண்டூசிகளைக் கழற்றி, ரசீதுகளை வரிசை எண் போட்டு ஒட்டினோம். அவர் மகள் ஒவ்வொரு நகையையும் எந்தக் கடையில், யார் கூடப் போய் வாங்கினது என்று சொல்லச் சொல்ல எழுதினோம். மாட்டலில் ஒரு கல் விழுந்ததையும் சொன்னாள். வரிசை எண் 14: மாட்டல் ஒரு ஜோடி, இடதுபுறத்தில் ஒரு கல் இல்லை. 12-ஆவது பிரிவு மனுவோடு இணைப்பாக மறுநாள் தாக்கல் செய்தோம்.